சாரணியர் படையைத் தனி ஆளாகச் சுமக்காதீர்கள்

பள்ளியில் சாரணியர் (கேர்ள் கைட்ஸ்) படைக்குப் பொறுப்பேற்கச் சொல்லி உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? அல்லது ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலைகளில் தொண்டை கட்டப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து "எதற்காக இதை இழுத்துப் போட்டுக்கொண்டோம்" என்று யோசிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெல்டா பகுதியில் ஒரு சிறிய ஊரின் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சில வருடங்களாகச் சாரணியர் படையை நடத்துகிறேன். இடையில் ஒருமுறை முற்றாக விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏன் விட்டேன், எப்படித் திரும்பி வந்தேன், அதில் கையிலிருந்து எவ்வளவு பணம் போனது, எதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. நேரமும் பள்ளி முடிந்த பிறகுதான். அப்படியிருந்தும் இதைச் செய்ய முன்வருகிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பாதியில் நொந்துபோய் விலகினால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

எனக்கு முன்பு படையை நடத்திய டீச்சர் ஓய்வு பெற்றபோது, ஒரு பீரோ சாவியும், கொடியும், கயிற்றுக் கட்டும், சில பழைய பேட்ஜ்களும் என் கைக்கு வந்தன. தலைமையாசிரியர் அறையில் நின்றபடியே, "நீங்க சின்ன வயசு, பிள்ளைங்களோட நல்லாப் பழகுறீங்க, பார்த்துக்குங்க" என்றார்கள். அவ்வளவுதான். சாரணியம் எனக்குப் புதிது. நான் படித்த பள்ளியில் ஜே.ஆர்.சி. எனும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் மட்டும்தான் இருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தால் பதிவேடு என்று எதுவும் இல்லை. எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தாள், எந்த நிலை முடித்தாள், படையின் ஆண்டுப் பதிவு எப்போது புதுப்பிக்கப்பட்டது, எதற்கும் தாள் இல்லை. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. விளையாட்டு, பாட்டு, கயிற்று முடிச்சு, கொடியேற்றம் என்று உற்சாகமாகத் தொடங்கிவிட்டோம்.

முதல் அடி அங்கிருந்துதான் வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா இல்லை. அம்மா தையல் வேலை செய்கிறவர். ஆறாம் வகுப்பிலிருந்தே படையில் இருந்த பிள்ளை, எல்லா முடிச்சும் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அவளை ராஜ்ய புரஸ்கார் விருதுத் தேர்வுக்கு அனுப்பலாம் என்று விண்ணப்பம் எழுதினேன். மாவட்ட அளவில் அது திரும்பி வந்தது. இடையில் ஒரு வருடம் எங்கள் படையின் பதிவு புதுப்பிக்கப்படவே இல்லை. அவள் துவிதிய சோபான் என்ற நிலையை முடித்ததற்குச் சான்றும் இல்லை. பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், அப்புறம் ஆளுநர் கையெழுத்துடன் வரும் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்க வேண்டும். தேதி இல்லையென்றால் அந்தப் படியே இல்லை. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவால்ல டீச்சர்" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது ஏதோ சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தோடு முடிகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வேயில் சாரணர் சாரணியர் ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். அதற்குக் குடியரசுத் தலைவர் விருது போன்ற தகுதி கேட்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு அது ஒரு வாசல். ஆகவே பொறுப்பேற்கும் அன்றே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கயிறு எண்ணுவது அல்ல. படையின் பதிவு எண் என்ன, கடைசியாக எந்த ஆண்டு புதுப்பித்தார்கள், ரசீது எங்கே என்று கேட்பது. பள்ளியில் இல்லையென்றால் மாவட்டச் செயலரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பிறகு ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சேர்ந்த தேதி, உறுதிமொழி எடுத்த தேதி, தேர்வு தேதி, தேர்வு வைத்தவர் கையெழுத்து. ஒவ்வொரு சான்றையும் கைப்பேசியில் படம் எடுத்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். பீரோவில் கரையான் அரித்தாலும் வீட்டில் ஒரு பிரதி இருக்கும். மாதத்துக்கு ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் இல்லாததால் ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது பயிற்சி. சாரணிய ஆசிரியைகளுக்குத் தங்கிப் பயிலும் அடிப்படைப் பயிற்சி முகாம் உண்டு. ஏறக்குறைய ஒரு வாரம். அதன்பிறகு மேல்நிலைப் பயிற்சி, அதற்கும் பிறகு ஹிமாலயா உட் பேட்ஜ் என்ற உயர்தகுதி. மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் தேசியப் பயிற்சி மையமே இருக்கிறது. நான் அடிப்படைப் பயிற்சிக்குப் போனதே பொறுப்பேற்று நெடுநாள் கழித்துத்தான். கைக்குழந்தை, மாமியார், விடைத்தாள் திருத்தும் பணி என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வந்தது. உங்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். எப்படியாவது முதல் வருடத்திலேயே போய்விடுங்கள். அங்கே கற்றுத்தரும் பாடத்தைவிட, உங்களைப் போலவே தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும் மற்ற ஊர் டீச்சர்களைச் சந்திக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய லாபம். இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் போட்டு "இந்தப் பாரத்தை எப்படி நிரப்புறது அக்கா" என்று கேட்க எனக்கு இன்று ஆள் இருக்கிறது என்றால், அந்த முகாமில் கிடைத்த ஆட்கள்தான்.

அந்த முகாமில்தான் அணி முறையைப் பற்றியும் சரியாகத் தெரிந்துகொண்டேன். அதுவரை முப்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி நானே எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பறையை மைதானத்துக்குக் கொண்டுபோன மாதிரிதான் இருந்தது. பெரிய பிள்ளைகளுக்குச் சலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. படையை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவியும் துணைத்தலைவியும் வைத்து, பொறுப்பை அவர்களிடம் கொடுப்பது, சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் காலத்திலிருந்தே இந்த இயக்கத்தின் முதுகெலும்பு. சாரணியர் அணிகளுக்குப் பூப்பெயர் வைப்பார்கள். எங்களிடம் முல்லை, தாமரை, செம்பருத்தி, ரோஜா. பிரித்த பிறகு நான் அணித்தலைவிகள் நான்கு பேருக்கு மட்டும் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுநாள் பாடத்தைச் சொல்லித் தருவேன். வெள்ளிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லித் தருவார்கள். நான் சுற்றி வந்து பார்ப்பேன். தொண்டை கட்டுவது நின்றது. அதைவிட முக்கியம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை தாமரை அணியின் தலைவியாகி, ரீஃப் நாட் என்ற முடிச்சு ஏன் காயத்துக்குக் கட்டுப் போட ஏற்றது, அது ஏன் தட்டையாக உட்காருகிறது என்று எட்டுப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுடைய வகுப்பாசிரியை கூப்பிட்டுக் காட்டியும் நம்பவில்லை.

அணித்தலைவிகளுக்கென்று ஒரு கூட்டமும் வையுங்கள். மாதம் ஒருமுறை போதும். அடுத்த மாதம் என்ன செய்யலாம், சந்தாப் பணம் எவ்வளவு இருக்கிறது, யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று அவர்களே பேசட்டும். நீங்கள் ஓரமாக உட்காருங்கள். எனக்கு இது கஷ்டமாக இருந்தது. ஆசிரியர் வேலை பார்க்கிறவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதல்ல. ஆனால் இந்தக் கூட்டம் இல்லையென்றால், ஒரு பெண் ஏன் நான்கு வாரமாக வரவில்லை என்ற காரணம் எனக்கு ஒருநாளும் கிடைத்திருக்காது. சீருடைக்குப் பணமில்லை என்பதை அந்தப் பிள்ளை தன் அணித்தலைவியிடம்தான் சொல்லியிருந்தாள்.

சீருடைப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீலச் சீருடை, கழுத்துக்குட்டை, பெல்ட், விசில் என்று எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நான் என் பணத்தைப் போட்டேன். அப்புறம் கயிறு, முதலுதவிப் பெட்டி, முகாம் கட்டணம் என்று அது வளர்ந்துகொண்டே போனது. கணக்கு எழுதாததால் எவ்வளவு என்றுகூடத் தெரியவில்லை. பின்னாளில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தோம். அந்த வேதனையை நான் மறக்கவில்லை. இப்போது என்ன செய்கிறோம் என்றால், வளர்ந்துவிட்ட அக்காமார்களின் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்ப வாங்கி, அளவு வாரியாக ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பிள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டு, வருடக் கடைசியில் திருப்பித் தர வேண்டும். யார் எடுத்தார்கள் என்பது அணித்தலைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பழைய மாணவிகளிடம் கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் துணியாகவே கொடுத்தார். சொந்தப் பணம் போடுவதென்றால் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அதைத் தாண்டினால் ஊரைக் கேளுங்கள், வீட்டைச் சுரண்டாதீர்கள்.

இனி, நான் படையை விட்டு வெளியே வரக் காரணமான அந்த முகாம். மாவட்டத்தில் பல பள்ளிகள் சேர்ந்த மூன்று நாள் முகாம் அது. எங்கள் படையிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள். கூட வருவதாகச் சொன்ன இன்னொரு ஆசிரியைக்கு முதல்நாள் மாலை தேர்தல் பயிற்சி வகுப்புக்கு உத்தரவு வந்துவிட்டது. தள்ளிப்போடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "பிள்ளைங்க ஆசையா பேக் பண்ணிட்டாங்களே, அங்க மத்த ஸ்கூல் டீச்சர்ஸ் இருப்பாங்கல்ல, போயிட்டு வாங்க" என்று பதில் வந்தது. வாய்வார்த்தை. எழுத்தில் அனுமதி எதுவும் என் கையில் இல்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இருந்தது. அதில் பெயர், வகுப்பு, "என் சம்மதத்துடன் அனுப்புகிறேன்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான் எல்லாப் பள்ளிகளிலும் வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் இரவு பாசறைத் தீ. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு அவளுடைய அணித்தலைவி ஓடிவந்து, "டீச்சர், அவளால மூச்சு விட முடியல" என்றாள். போய்ப் பார்த்தபோது உட்கார்ந்த நிலையில் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். விசில் மாதிரிச் சத்தம். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா. தெரிந்தால் கூட்டிப் போக மாட்டார்கள் என்று அம்மாவும் மகளுமாகச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அதே பயத்தில் இன்ஹேலரையும் பையில் வைக்கவில்லை. 108க்கு அழைத்தோம். அது வருகிற வரைக்கும் அவளைப் படுக்க வைக்காமல் முன்னால் சாய்த்து உட்கார வைத்து, புகையில்லாத பக்கம் நகர்த்தி, முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மீதி இருபத்தொரு பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். என் படையில் நான் ஒருத்திதான் பெரியவள். முன்பின் தெரியாத பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர், "நீங்க போங்கம்மா, நான் உங்க பிள்ளைங்களோடயே படுத்துக்குறேன்" என்றார். அந்தக் குரலுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அப்படியொருவர் அங்கே இல்லாமல் போயிருக்கவும் கூடும், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அரசு மருத்துவமனையில் நெபுலைசர் வைத்து, ஆக்ஸிஜன் வைத்து, இரண்டு மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டாள். விடியற்காலையில் அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். தனியார் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். முன்பணம், கார் வாடகை, மருந்து என்று 9,000 ரூபாய் வரை நான்தான் கொடுத்தேன். அவர்கள் கேட்ட தொனியில் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குள் ஊரில் "முகாமில் ஒரு பொண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று பரவிவிட்டது. பெண்பிள்ளை என்றால் "ஏதோ" என்ற சொல்லுக்குள் என்னென்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று மதியமே பாதிப் பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். திங்கட்கிழமை பள்ளியில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. யார் அனுமதி கொடுத்தது என்று அதில் கேள்வி. போகச் சொன்னவர் பேசவில்லை. அந்த வாரமே பீரோ சாவியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கோபம் என்பதைவிட அவமானமாக இருந்தது. ஒரு கல்வியாண்டு முழுவதும் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

திரும்பக் கூட்டி வந்தது அந்த இளைப்புக்காரப் பிள்ளையின் அம்மா. ஒருநாள் பள்ளி வாசலில் நின்று, "டீச்சர், என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் கூட வரேன், தண்ணி ஊத்துறேன், சமைக்கிறேன், நீங்க மறுபடி ஆரம்பிங்க" என்றார். யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எனக்குப் பிள்ளைகளோடு இருப்பதில் சலிப்பே வரவில்லை. தனியாக இருந்ததுதான் என்னை முறித்தது. அதனால் மூன்று நிபந்தனைகளைத் தாளில் எழுதிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். இன்னொரு ஆசிரியைக்கும் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பு தர வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு முறையும் பள்ளி முத்திரையுடன் அனுமதிக் கடிதம் வேண்டும். இரண்டு பெண்கள் வரவில்லையென்றால் பயணம் ரத்து; கடைசி நிமிடமானாலும், பிள்ளைகள் அழுதாலும் ரத்து. கையெழுத்துக் கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பது எனக்கே ஆச்சரியம். ஓசியில் வேலை செய்கிறவர்களுக்கு நிபந்தனை போட உரிமை இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். சம்பளம் வாங்காமல் செய்கிறவருக்குத்தான் அந்த உரிமை அதிகம்.

சம்மதக் கடிதத்தையும் மாற்றினோம். இப்போது அது இரண்டு பக்கம். இளைப்பு, வலிப்பு, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, ரத்த வகை, எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற இரண்டு ஃபோன் எண்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: "நோய் இருப்பதாக எழுதினால் உங்கள் மகளை விட்டுவிட்டுப் போக மாட்டோம், எழுதினால்தான் பத்திரமாகக் கூட்டிப் போக முடியும்." இந்த வரியைச் சேர்த்த பிறகு வந்த கடிதங்களைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அசந்துபோனோம். எத்தனை பிள்ளைகள் எத்தனை விஷயங்களை மறைத்துக்கொண்டு எங்களோடு நடந்திருக்கிறார்கள்! மாதவிடாய்க்கும் இதில் ஓர் இடம் உண்டு. முகாமுக்கு வந்த இடத்தில் முதல்முறையாக வயதுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளாடை, நாப்கின், ஒரு கறுப்புத் துணிப்பை, வலி வந்தால் படுக்க ஓர் இடம் எல்லாம் நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, பள்ளியில் வரும் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கி முகாம் பெட்டியில் வையுங்கள். முகாம் இடத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, இரவில் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, பிள்ளைகள் படுக்கும் அறைக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாவியைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலியாக என்.சி.சி. முகாம் நடத்தி, அங்கே தங்கிய மாணவிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய செய்தி வந்தபோது, எங்கள் ஊரில் எந்த முகாமுக்கும் பிள்ளைகளை அனுப்ப ஆளில்லாமல் போனது. பெற்றோர்களைக் குறை சொல்ல முடியாது. முகாம் என்று யார் வந்து சொன்னாலும் மாவட்ட அமைப்பின் எழுத்துப்பூர்வ சுற்றறிக்கையைக் கேளுங்கள். அதில் உள்ள அலுவலரை நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் உங்கள் பள்ளிப் பெண் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நீங்களும்கூட ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

இதோடு சேர்ந்த இன்னொரு பாரமான விஷயம். நம்மிடம் பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் சொல்லாததைச் சொல்வார்கள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், வீட்டில் நடக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "யார்ட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்பார்கள். அந்த வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு உதவி செய்ய யார்ட்ட சொல்லணுமோ அவங்கட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். பாலியல் குற்றமாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதற்கே தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெடும் என்று யார் தடுத்தாலும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை எங்கள் பிள்ளைகள் முதலுதவிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்களும் இதை வீட்டுக்குத் தூக்கிப் போய் ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக அழ வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் உங்கள் துணை ஆசிரியையிடம் பேசுங்கள். இரண்டு பேர் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனம் தளரும்போது நான் நினைத்துக்கொள்கிற ஒன்று. 1909ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் சாரணர் அணிவகுப்பு நடந்தபோது, பையன்களுக்கான அந்தக் கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே சில பெண்பிள்ளைகள் சீருடையோடு வந்து, எங்களுக்கும் வேண்டும் என்று நின்றார்கள். அப்படித்தான் சாரணியர் இயக்கம் உண்டானது. இந்தியாவில் 1911ல் ஜபல்பூரில் முதல் சாரணியர் படை தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்; நம் பிள்ளைகளைச் சேர்த்தது பிறகுதான். சாரணியரின் உலக மையங்கள் ஐந்தில் ஒன்றான, 'சங்கம்' என்று பெயர் கொண்ட மையம் 1966லிருந்து புனேயில் இருக்கிறது. இதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வாய்க்கால் கரையில் இருக்கிற எங்கள் பள்ளி மைதானம் சின்னதாகத் தெரிவதில்லை. பிப்ரவரி 22 சிந்தனை நாளன்று எத்தனையோ நாடுகளில் தங்கள் வயதுப் பெண்கள் இதே உறுதிமொழியைச் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும், ரோஜா அணியின் ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று கையைத் தூக்கி, "அவங்களுக்கும் நம்மளத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணிக்கு (ஜம்போரி) எங்கள் பிள்ளைகள் போனார்கள். நானும் துணை ஆசிரியையும் போனோம். அந்த அம்மாவும் வந்தார். இளைப்புக்காரப் பிள்ளை இன்ஹேலரைக் கழுத்தில் விசிலோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வோர் அணித்தலைவியிடமும் தன் அணிப் பிள்ளைகளின் உடல்நலக் குறிப்பு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. துணை ஆசிரியை மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போனார். நான் மற்றவர்களோடு இருந்தேன். யாரும் பயப்படவில்லை. முன்பு என்னை விட்டு ஓட வைத்த அதே மாதிரி இரவுதான் அது. இரண்டாவது ஆள் இருந்ததால் சாதாரண இரவாகக் கழிந்தது.

துணைக்கு ஆளே இல்லை என்று சொல்லாதீர்கள், தேடுகிற இடத்தை மாற்றுங்கள். எங்கள் பள்ளியில் வேறு ஆசிரியை முன்வராத காலத்தில் மதிய உணவு சமைக்கும் அக்கா ஒருவர் அருமையாக முகாம் சமையல் சொல்லிக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியர் ஒருவர் மாதம் ஒருநாள் வந்து கழுத்துக்குட்டையில் அடிபட்ட கையைத் தாங்கும் தூளிக்கட்டுப் போடக் கற்றுத் தருகிறார், கையில் ஒரு காப்பி கொடுத்தால் போதும் என்கிறார். படித்து முடித்துப் போன பிள்ளைகளைக் கட்டாயம் கேளுங்கள். கல்லூரி வயதுப் பெண்கள் திரிசாரணியராக (ரேஞ்சர்) இயக்கத்தில் தொடரலாம். ராஜ்ய புரஸ்கார் கிடைக்காமல் போன அந்தத் தையல்காரர் மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். எனக்குத் தேர்வு வேலை இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் துணை ஆசிரியையோடு மைதானத்தில் நிற்கிறாள். யாரும் கேட்காமலே அவள் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு: பதிவேடு. எந்தப் பிள்ளையின் தேதியும் விடுபடாமல் அவளே எழுதுகிறாள். ஏப்ரல் பிறப்பதற்கு முன்பே ஆண்டுப் பதிவுக் கட்டணத்தை எடுத்து வையுங்கள் என்று எனக்கு நினைவூட்டுகிறாள்.